டயப்பர் நனைகிறதா, அதைப் பார்

வித்யாக்கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய பேரனின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளங்கையிலும் பாதத்திலும் நீள்வட்டமாகச் சிவப்புப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறத்தில் குட்டிக் கொப்புளம், புட்டத்திலும் கொஞ்சம். முந்தின ரெண்டு நாள் காய்ச்சல், எச்சில் ஒழுக ஒழுகப் பால் தம்ளரைத் தட்டிவிடுகிறான் என்று நீ சொன்னதையும் சேர்த்தால், அங்கே டாக்டர் சொன்ன கை, கால், வாய் நோய்தான். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தபோது இதை நிறையவே பார்த்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை எழுதவில்லையே என்று குழம்பாதே, பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சின்னம்மையாக இருக்குமோ என்று உன் மாமியார் பயப்பட்டார்களே, அதுவானால் நெஞ்சு, முதுகு, முகம் என்று வாரிப்போடும், அரிப்பும் தாங்காது. மாட்டுக்கு வரும் கோமாரி வேறு, இது வேறு.

இது காக்சாக்கி மாதிரி வைரஸ்களால் வருவது, ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதே. ஏழு முதல் பத்து நாளில் தானாக ஆறும். கொப்புளம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு உட்காராதே, வாய்ப்புண்ணால் அவன் தண்ணீர் குடிக்காமல் போவதுதான் என் கவலை. ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாக அஞ்சு மில்லி, ரெண்டு நிமிஷம் விட்டு மறுபடி அஞ்சு மில்லி. குளிர்ந்த பால், தயிர், இளநீர், ஆறிய கஞ்சி, ஏன், ஐஸ்கிரீம்கூடக் கொடு. ஆரஞ்சு ஜூஸ், ரசம், காரம் எதுவும் வேண்டாம், புண்ணில் பட்டால் அலறுவான், அப்புறம் ஸ்பூனைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வான். ஆறு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. அவன் 12 கிலோ, அதனால் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். அஞ்சு மில்லியில் 120 உள்ள சிரப் என்றால் 7.5 மில்லி, 250 உள்ளது என்றால் 3.6 மில்லிதான், பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு ஊற்று. ஆஸ்பிரின் கூடவே கூடாது. வாய் மரத்துப்போகிற ஜெல்லை நீயாக வாங்கித் தடவாதே.

இன்னொன்று, இதை மாப்பிள்ளையிடமும் சொல். தூக்கத்தில் அடிக்கடி திடுக்கென்று தூக்கிப்போடுவது, நடை தள்ளாடுவது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் சுருண்டு படுப்பது, மூச்சு வாங்குவது, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல். இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. என்டரோவைரஸ் 71 என்ற வகை மூளையைத் தாக்கும். 1997இல் மலேசியாவின் சரவாக்கிலும் 1998இல் தைவானிலும் 2000இல் உங்கள் சிங்கப்பூரிலும் அது பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் வேகமாக முற்றும்.

காய்ச்சல் விட்டு, கொப்புளம் எல்லாம் காய்ந்து, டாக்டர் சரி என்ற பிறகு சைல்ட்கேருக்கு அனுப்பு. மலத்தில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் இருக்கும், அதனால் டயப்பர் மாற்றிய ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவு, சானிடைசரை மட்டும் நம்பாதே. பெரியவர்களுக்கும் ஒட்டும். சில வாரம் கழித்து அவன் நகம் கழன்று வந்தால் பதறாதே, சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், புது நகம் முளைத்துவிடும்.

இன்று சாயங்காலம் எத்தனை டயப்பர் நனைந்தது என்று எனக்கு மெசேஜ் போடு.

அம்மா