தனுஷ்கோடி ரோடு: புயலை மட்டும் பார்க்காதே

அன்பு மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆடி அமாவாசைக்கு வீட்டோடு ராமேசுவரம் வந்து அப்படியே தனுஷ்கோடிக்கு அப்பால் ரோடு முடியும் அரிச்சல்முனை வரை போகலாமா, அப்போது புயல் சீசன் இல்லையே என்று கேட்டிருக்கிறாய். அந்த ரோட்டுக்குப் புயல் வந்தால்தான் ஆபத்து என்றில்லை. எந்தக் காற்று அடிக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடி ஊரையும் தண்டவாளத்தையும் கொண்டுபோன பிறகு, அரை நூற்றாண்டு மணலில் வேன்தான் ஓடியது. தார் ரோடு திறந்தது 2017 ஜூலையில். வடக்கே பாக் நீரிணை, நம்மூர்ப் பேச்சில் பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். வாடைக் காற்றில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், வடகடல் பொங்கும். கச்சான் காற்றில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், தென்கடல் சீறும். உன் ஆடி அமாவாசை கச்சானுக்கு நடுவில் வருகிறது. வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலேயே அலை ரோட்டோரத் தடுப்புக் கல்லைத் தாண்டி ரோட்டில் விழும்.

ரோடு எப்படி உடைகிறது தெரியுமா? அலை நேராக மோதி உடைப்பது குறைவு. தாண்டி வரும் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்து மறுபக்கச் சரிவில் இறங்கும்போது அங்கே உள்ள மணலைப் பறிக்கும். கடல் பக்கம் கதை வேறு: கருங்கல் இடுக்கு வழியாக அலை உள்ளே போய்த் திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் மணலை உறிஞ்சிக்கொண்டு போகும். கல்லுக்கு அடியில் தண்ணீரை விட்டு மணலைப் பிடித்துவைக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி இல்லாவிட்டால், அல்லது கிழிந்திருந்தால், கல் அப்படியே கீழே இறங்கிவிடும். கம்பிவலைக்குள் கல் அடுக்கினால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து அறும், கல் உருண்டோடும். கடைசியில் தார் மட்டும் அலமாரிப் பலகை மாதிரி அந்தரத்தில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் ரோடு நன்றாகத்தான் தெரியும். ஓரத்தில் ரோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் அடியில் மண் இல்லை என்று வைத்துக்கொள். பஸ் சக்கரம் அதில் ஏறினால் முடிந்தது.

குழியில் மணலைக் கொட்டி மேலே தார் ஊற்றுவது பழுதுபார்ப்பே அல்ல. தொங்கும் தாரை வெட்டி எடுத்து, கெட்டி மண் வரை தோண்டி, துணி விரித்து, கிராவலை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி, அதற்குப் பிறகுதான் ஜல்லியும் தாரும். கடல் அடங்காமல் இதைச் செய்ய முடியாது. ரோடு உடைந்தால் வண்டிகளுக்குப் போடும் தடை நீள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்த தொல்லை மணல். கச்சானில் ரோட்டை மூடிவிடும், ஜேசிபி வைத்து அள்ளினாலும் மறுபடி வந்து சேரும். மாற்றுப்பாதை கிடையாது, ஓரம் அரித்த இடத்தில் பெரிய வண்டி திரும்பவும் முடியாது. அதனால் அலை ஏறினால் சோதனைச்சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். அமைதியான நாளிலும் சாயங்காலத்துக்கு மேல் உள்ளே விடுவதில்லை.

வந்தால் காலையிலேயே கிளம்பு. டீசல் ராமேசுவரத்திலேயே போட்டுக்கொள், அதற்குப் பிறகு பங்க் இல்லை. மணல் மூடிய இடத்தில் திடீர் பிரேக் வேண்டாம், படம் எடுக்க தாரை விட்டு இறக்கவும் வேண்டாம். சிக்கினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே, சக்கரம் இன்னும் புதையும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, சக்கரத்தின் முன்னால் இருக்கும் மணலைக் கையால் தள்ளிவிட்டு மெதுவாக எடு. காற்றைத் திரும்ப அடிக்கும் வரை வேகம் கூடாது. திரும்பியதும் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடு.

தர்ப்பணத்தை அக்கினி தீர்த்தத்தில் கொடு. கச்சான் காலத்தில் அந்தப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும், அப்பாவை மெதுவாக இறக்கலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் போன் பண்ணு, சாவடியில் விடுகிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்