கன்மலையைக் காட்டித் தந்தவர்களுக்கு

கோத்தகிரி

அன்புடையீர், வணக்கம்.

கடந்த மே மாதம் எங்கள் ஆலயக் கூடத்தில் நான்கு நாட்கள் நடந்த ‘கன்மலை’ ஒளிப்பட, ஓவியக் கண்காட்சி நல்லபடியாக நிறைவடைந்தது. சுவரில் மாட்டியிருந்த 14 ஒளிப்படங்களுக்கும் 9 ஓவியங்களுக்கும் கீழே என் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தபோதெல்லாம் மனம் உறுத்தியது. அவற்றில் ஒன்றைக்கூட நான் தனியாகச் செய்யவில்லை. உதவியவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயரைச் சொல்லாமல், செய்தது இன்னதென்று மட்டும் சொல்லி இந்த மடலை எழுதுகிறேன்.

விவிலியத்தில் பெரும்பாறையைக் குறிக்கும் கன்மலை என்ற சொல்லை ஞாயிறு பள்ளியில் கற்ற நாள் முதல் அது எனக்குக் கோத்தகிரிப் பாறையாகவே இருந்துவந்தது: பாசி படர்ந்து, மூடுபனியில் நனைந்து, இடுக்கெல்லாம் பெரணி முளைத்த கருத்த பாறை. ஆனால் இறைவனைக் கன்மலையே என்று கூப்பிட்டுப் பாடியவர்கள் வாழ்ந்தது வறண்ட நாடு. தண்ணீரும் நிழலும் இல்லாத வனாந்தரத்தில் ஒரு மனிதன் எதைக் கண்டு அப்படிக் கூப்பிட்டான் என்பதை அறியாமலே இருபது ஆண்டுகளாக நான் அந்தச் சொல்லை வரைந்துகொண்டிருந்தேன். ஒரு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் இந்தக் குறையைச் சொன்னேன். “அப்படியானால் போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி” என்றார் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மூத்த அக்கா ஒருவர். சொன்னதோடு நிற்கவில்லை. பிடியரிசிக் காணிக்கை எடுப்பதுபோல வீடு வீடாகச் சென்று என் பயணத்துக்குப் பணம் சேர்க்கத் தொடங்கினார். கொழுந்துக்குச் சரியான விலை கிடைக்காமல் சிறு தேயிலை விவசாயிகள் திண்டாடிய ஆண்டு அது. கொழுந்து பறித்த கூலியிலிருந்து நூறும் இருநூறும் எடுத்துத் தந்த அக்காமார்களே, நீங்கள் தந்த ஒவ்வொரு ரூபாயும் என் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் கடனாக எண்ணவில்லை, காணிக்கையாகவே எண்ணுகிறேன்.

முன்பணம் வாங்கிக்கொண்ட ஒரு முகவர் பயணச்சீட்டை எடுக்காமல் விட்டதும், கடைசி வாரத்தில் பக்கத்து வீட்டுப் படுகர் குடும்பத்தார் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து அந்தக் குழியை நிரப்பியதும் உங்களில் பலருக்குத் தெரியும். நான் இல்லாத பத்து நாட்களும் என் தாயாருக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொடுத்துக் கவனித்துக்கொண்டதும் அதே வீடுதான். அவர்களுக்கு நன்றி என்ற சொல் போதாது.

புறப்படுவதற்கு முன் என் கண்களுக்குப் பயிற்சி தந்தவர் ஓய்வு பெற்ற நிலவியல் ஆசிரியர் ஒருவர். அவருடைய வீட்டுத் திண்ணையில் மூன்று மாலைகள் அமர்ந்து கேட்டேன். நம் நீலகிரியின் சார்னோகைட் பாறை பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருவானது, வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பதும் இதே இனப் பாறைதான். நான் பார்க்கப்போகும் ஜோர்டான் நாட்டு வாதி ரம் பள்ளத்தாக்கிலோ, கீழே கருங்கல் வகைப் பாறையும் அதன்மேல் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி உருவான மணற்பாறையும் இருக்கின்றன. “மேலே இருப்பது நீரை உறிஞ்சும், கீழே இருப்பது விடாது, இரண்டும் சேரும் கோட்டைத் தேடிப் பார்” என்று அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

வாதி ரம்மில் எனக்கு வழிகாட்டிய, பெதுவின் என்னும் பாலைவன அரபு இனத்துப் பெரியவர் இந்த மடலைப் படிக்கப்போவதில்லை. இருந்தும் அவருக்குத்தான் முதல் நன்றி. யுனெஸ்கோ 2011-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த அந்த நிலப்பரப்பை அவர் தன் வீட்டு முற்றம்போலக் காட்டினார். நடுப்பகல் வெயிலில் பாறையின் முகம் தட்டையாகிவிடும், அப்போது படம் எடுப்பது வீண் என்று சொல்லிக் கூடாரத்தில் படுக்கவைத்தவர், விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுப்பி, கடுங்குளிரில் தேநீர் கொடுத்து, எந்தப் பாறையில் முதல் ஒளி விழுமோ அதன் எதிரே என் முக்காலியை நிறுத்தவைத்தார். பாறை மேனியில் உப்புப் படிகங்கள் வளர்ந்து வளர்ந்து அரித்த தேன்கூடு போன்ற குழிகள் ஏராளம். சாய்ந்த ஒளியில் ஒவ்வொரு குழியும் நிழலால் நிரம்பி, மலை முழுவதும் எழுதப்பட்ட ஏடுபோலத் தெரிந்தது. உண்மையாகவே எழுதப்பட்ட இடங்களும் இருந்தன. கசலி மலைப்பிளவின் உட்சுவரில், காலம் பூசிய கரிய படலத்தைக் கீறி, ஒட்டகங்களையும் மனிதர்களையும் இன்னார் மகன் இன்னார் என்ற பெயர்களையும் பழங்கால மக்கள் விட்டுச்சென்றிருக்கிறார்கள். அவர் அதன்மேல் கை வைக்கவில்லை, என்னையும் வைக்க விடவில்லை.

மூன்றாம் நாள் காற்று எழும்பி, நான் லென்ஸ் மாற்றிய ஒரு நொடியில் மணல் உள்ளே புகுந்து ஷட்டர் நின்றுவிட்டது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஜோர்டானின் துறைமுக நகரான அகபாவில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி, இரவுப் பணி முடித்த கையோடு, தன் நண்பரிடம் கெஞ்சி வாங்கிய கேமராவை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் பயணம் செய்து ரம் கிராமத்துக்கு வந்து கொடுத்துவிட்டு, ஒரு வாய் தேநீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப்போனார். கண்காட்சியில் இருந்த 14 படங்களில் 11 அந்தக் கேமராவில் எடுத்தவை. தம்பி, உன் அம்மா அந்தப் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள்.

மறுநாள்தான் பெரியவர் என்னை ஐன் ஷலாலே ஊற்றுக்கு அழைத்துச் சென்றார். அத்தனை நாளும் வறண்டு கிடந்த மலையின் ஒரு மடிப்பில், பாறையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எப்போதோ பெய்த மழையை மணற்பாறை உள்ளே வாங்கி, கீழே இருக்கும் கருங்கல் தடுக்க, இரண்டும் சேரும் கோட்டில் அது வெளியே வருகிறது. ஆசிரியர் தேடச் சொன்ன கோடு என் கண்ணெதிரே ஈரமாக இருந்தது. அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த அரபு மக்களான நபத்தேயர்கள் அந்த நீரைக் கீழேயுள்ள தங்கள் கோயில் பக்கம் கொண்டுசெல்லப் பாறையில் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். ஊற்றருகே தங்கள் தெய்வங்களை வேண்டி எழுதியிருக்கிறார்கள். விவிலியத்தில் மோசே ஓரேப் மலையிலே கன்மலையை அடிக்கத் தண்ணீர் புறப்பட்டதை அதுவரை நான் இடிமுழக்கமாக, பாய்ந்துவரும் வெள்ளமாக வரைந்திருந்தேன். அன்று கண்டது சத்தமே இல்லாத கசிவு. பெரியவர் தொழுகைக்கு முன் அந்த நீரில் முகமும் கையும் கழுவினார். சற்று விலகி நின்று நானும் ஜெபித்தேன். என் கேமராவை அப்போது வெளியே எடுக்கவில்லை. அந்தக் காட்சி ஒளிப்படமாக இல்லை. ஆறாவது ஓவியம் அதுதான்.

பாதுகாக்கப்பட்ட நிலம் என்பதால் ஒரு பிடி மணலைக்கூட நான் எடுத்துவரவில்லை. ஊர் திரும்பிய பிறகு கடையில் வாங்கிய எந்தச் சிவப்பும் அந்தப் பாறையின் சிவப்புக்கு அருகில் வரவில்லை. இங்கேதான் கோத்தகிரிச் சரிவில் வாழும் ஆலு குறும்பர் பழங்குடிப் பெரியவர் ஒருவருக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்ல வேண்டும். வெள்ளரிக்கொம்பைப் பாறை ஓவியங்களைத் தம் முன்னோரின் கைவேலையாகப் போற்றும் மரபில் வந்தவர் அவர். கோயில் பூசைக்கு உரிய குடும்பத்தார் சுவரில் வரைவது அந்த மரபில் வழிபாட்டின் ஒரு பகுதி என்பதால், அதைக் கற்றுத்தாருங்கள் என்று கேட்க நான் துணியவில்லை. நிறத்தை மட்டும் கேட்டேன். அவர் என் படங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “இது நம்ம மண்ணுதானே?” என்றார். அவர் சொன்னது சரி. அங்கே பாறையைச் சிவக்கவைப்பதும் இங்கே செம்மண்ணைச் சிவக்கவைப்பதும் இரும்புதான். என் வீட்டுப் பின்புற மண்ணையே அரைத்துச் சலித்து, வேங்கை மரப் பிசினோடு எந்த அளவில் குழைப்பது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்பதை இரண்டு நாட்கள் உடனிருந்து காட்டினார். பாலைவனத்தைக் காட்டும் அந்த 9 ஓவியங்களும் கோத்தகிரி மண்ணால் வரையப்பட்டவை.

கூடத்தை வாடகையின்றித் தந்த ஆயர் அவர்களுக்கும், படச் சட்டங்களைக் கூலி வாங்காமல் செய்து தந்த குன்னூர் தச்சருக்கும், என் கேமராவுக்கு இரட்டைத் துணியில் உறை தைத்துத் தந்ததோடு “அரபு நாட்டில் எனக்காகவும் ஒரு துஆ செய்யுங்கள்” என்று வழியனுப்பிய தையற்கடை பாய்க்கும் என் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்த ஆசிரியைகளுக்கும் நன்றி. ஆறாவது ஓவியத்தைப் பார்த்த ஒரு சிறுமி, தங்கள் தோட்டத்துப் பாறையிலும் இப்படித்தான் தண்ணீர் வரும் என்று சொல்லி, மறுநாள் என்னை அங்கே அழைத்துப்போனாள். எத்தனையோ முறை நான் கடந்துபோன பாறை அது.

கண்காட்சி ஓவியங்களில் எதையும் விற்கவில்லை. ஆறாவது ஓவியம் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அறையில் இருக்கும். ஒன்று குறும்பர் பெரியவரின் வீட்டுக்குப் போய்விட்டது. மற்றவற்றைப் பார்க்க விரும்புவோர் எந்த நாளும் என் வீட்டுக்கு வரலாம். வாதி ரம் பெரியவர் விடைபெறும்போது பணத்துக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று மறுத்து, பிறகு யோசித்து, உங்கள் ஊரில் மலையை மூடுகிற அந்த மேகத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். கேத்தரின் அருவிப் பக்கம் மூன்று காலைகள் காத்திருந்து எடுத்த படத்தைச் சட்டமிட்டு, விடுமுறை முடிந்து அகபா திரும்பும் தம்பியின் கையில் நேற்று கொடுத்தனுப்பினேன்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
கோத்தகிரி ஓவியன்