ஊசி எங்கே, எவ்வளவு ஆழம், எவ்வளவு மின்சாரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அக்குபங்சர், மூளைத்தண்டிலிருந்து இதயம், இரைப்பை போன்ற உறுப்புகளுக்கு இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி உடலை அமைதிப்படுத்தும் என்று நலவாழ்வுப் பக்கங்களில் அடிக்கடி எழுதப்படுகிறது. இதில் பாதிதான் உண்மை. ஊசி குத்தினால், உள்ளுறுப்புகளை நம் விருப்பமின்றித் தானே நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தில் மாற்றம் வரும் என்பதில் ஐயமில்லை. அந்த மாற்றம் எந்தத் திசையில் போகும் என்பது குத்தும் இடம், ஆழம், ஊசி வழியே செலுத்தும் மின்சாரம் ஆகியவற்றைப் பொறுத்தது.

ஜப்பானில் அகியோ சாட்டோவின் குழு 1970களிலேயே மயக்கமருந்து கொடுத்த எலிகளிடம் இதைக் கண்டது. வயிற்றுத் தோலைக் கிள்ளினால் இரைப்பையின் அசைவு அடங்கியது. பாதத்தைக் கிள்ளினால் கூடியது. வயிற்றிலிருந்து போகும் சேதி தண்டுவடத்திலேயே திரும்பி, பரிவு நரம்பு (உடலை விழிப்பாக்கி ஆயத்தப்படுத்தும் தன்னியக்க நரம்பு) வழியாக இரைப்பையை அடக்குகிறது. பாதத்திலிருந்து போவதோ மூளைத்தண்டு வரை ஏறி வேகஸ் வழியாக இறங்குகிறது.

ஹார்வர்டில் சியூஃபு மா குழு சுண்டெலிகளிடம் செய்த ஆய்வுகள் இதை இன்னும் தெளிவாக்கின. முழங்காலுக்குக் கீழே உள்ள எஸ்டி 36 என்ற அக்குபங்சர் புள்ளியில் 0.5 மில்லி ஆம்பியர் மின்சாரம் கொடுத்தபோது வேகஸ் வழியாக அட்ரீனல் சுரப்பி தூண்டப்பட்டு அழற்சி குறைந்தது. வயிற்றில் உள்ள எஸ்டி 25-இல் அதே மின்சாரம் இந்தப் பலனைத் தரவில்லை. காரணத்தை அவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள்: இந்த வழியை இயக்கும் உணர்வு நரம்புகள் காலில் ஆழ்ந்த தசையுறையிலும் எலும்புறையிலும் முடிகின்றன, வயிற்றுத் தசையுறையில் அவை இல்லை. எஸ்டி 25-இல் 3 மில்லி ஆம்பியர் கொடுத்தால் மண்ணீரலுக்குப் போகும் பரிவு நரம்புகள் விழிக்கின்றன. அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியா நச்சைச் சுண்டெலிக்குச் செலுத்துவதற்கு முன்பே இதைச் செய்தால் அழற்சி குறைந்தது. நச்சு ஏறிய பிறகு செய்தால் அதிகமானது. ஒரே புள்ளி, ஒரே மின்சாரம், நேரம் மட்டும் வேறு. இவை சுண்டெலி ஆய்வுகள் என்பதை எழுதுகிறவர்கள் விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் பரவலாக இருக்கும் தொடுசிகிச்சைக்கு இந்த ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுவது தவறு. தோலை விரலால் தொடுவது எலும்பை ஒட்டிய அந்த நரம்பு முனைகளை எட்டாது.

எஸ்டி 36-ஐக் கண்டுபிடிக்க, முழங்காலை மடக்கி, முழங்கால் சிரட்டைக்குக் கீழே வெளிப்பக்கம் விழும் குழியிலிருந்து நோயாளியின் நான்கு விரல் அகலம் இறங்க வேண்டும். பிறகு முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. மந்தமான வலியும் கனமும் வந்தால் ஊசி தசைக்குள் இருக்கிறது. தோலில் சுருக்கென்று மட்டும் வலித்தால் மேலோடு நிற்கிறது. குமட்டலுக்குப் பயன்படும் மணிக்கட்டுப் புள்ளி பி 6-இல் இன்னும் கவனம் வேண்டும். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு கட்டைவிரல் அகலம் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே இருக்கும் அந்தப் புள்ளிக்கு நேர் அடியில்தான் மீடியன் நரம்பு ஓடுகிறது. விரல்கள் வரை ஷாக் அடித்தது போல் பாய்ந்தால் உடனே ஊசியைப் பின்னிழுக்க வேண்டும். அங்கேயே வைத்துத் திருகினால் நரம்பு காயப்படும்.

வேகஸ் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதும் உண்டு. முதல் முறை வருபவர், வெறும் வயிற்றோடு, நாற்காலியில் உட்கார்ந்து, பயத்தோடு ஊசி ஏற்றுக்கொண்டால் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். பரிவு நரம்பு திடீரெனத் தளர்ந்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயத்துடிப்பு குறைகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. கொட்டாவி, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் ஆகியவை முன்னறிகுறிகள். ஊசிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை உயர்த்த வேண்டும். பதற்றத்தில் தூக்கி உட்கார வைப்பதுதான் பெரிய தவறு; மூளைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையும். முதல் முறை படுக்க வைத்து, நான்கைந்து ஊசிகளோடு நிறுத்திக்கொண்டாலே இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின் அக்குபங்சர் கூடாது.

இரத்த அழுத்தம் பற்றி மிகைப்படுத்தி எழுதுவது எங்களுக்குக் கவலை தருகிறது. அமெரிக்காவில் 192 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் (புள்ளி அல்லாத இடத்தில் குத்துவது) வேறுபாடு தெரியவில்லை. ஜெர்மனியில் 160 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஆறு வாரத்தில் 22 முறை ஊசி போட்டபோது அழுத்தம் சற்றுக் குறைந்தது. சிகிச்சை நின்று மூன்று மாதத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. குறிப்பாக, பீட்டா பிளாக்கர், குளோனிடின் ஆகிய இரத்த அழுத்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால், அவை அடக்கி வைத்திருந்த பரிவு நரம்பின் வேகம் ஒரேயடியாகத் திரும்பி, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி.