கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள கயல்,

சீனாவில் வேலைக்கு ஒப்பந்தம் போடப் போகிற நேரத்தில், அங்கே சட்டம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறதம்மா. சரக்குக்குப் பணம் வராத வியாபாரிக்கும், சம்பளம் வராத தொழிலாளிக்கும் அங்கே நீதிமன்றம் வேலை செய்யத்தான் செய்கிறது. சாதாரண உரிமையியல் வழக்கை முதல் நீதிமன்றம் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். மேல்முறையீடு ஒரே ஒரு முறைதான். நம் ஊர் வாய்தாவுக்குப் பழகியவர்களுக்கு இது அதிசயம். ஆனால் வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட வழக்குக்கு அந்த ஆறு மாதக் கெடு கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

அதே நீதிமன்றம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு அக்கறையுள்ள விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். 'சட்டப்படி நாட்டை ஆள்வது' என்ற வாசகம் 1999-இல் அரசியலமைப்பில் ஏறியது. கட்சித் தலைமை பற்றிய வாசகம் 2018-இல் முதல் பிரிவிலேயே ஏறியது. நீதிமன்றம், அரசு வழக்குத் துறை, காவல்துறை மூன்றுக்கும் மேலே கட்சியின் அரசியல்-சட்டக் குழு உட்கார்ந்திருக்கிறது. நீதித்துறைச் சுதந்திரம் போன்ற மேற்கத்தியக் கருத்துகளை எதிர்க்க வேண்டும் என்று உச்ச மக்கள் நீதிமன்றத் தலைவராக இருந்த சோ சியாங் 2017-இல் வெளிப்படையாகவே சொன்னார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆகவே உன் பிரச்சினை எந்தப் பக்கத்தது என்று முதலில் பார். உன் வேலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் முதல் பக்கம்தான். அங்கே காகிதம் வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வந்த பிறகு வேலைக்கான இசட் விசா, உள்ளே போய் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பம். இதுதான் வரிசை. "எம் விசாவில் (அது வியாபார விசா) வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடு. வியாபார விசாவில் வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 யுவான் அபராதம், கடுமையானதென்று கருதினால் 5 முதல் 15 நாள் காவலும் சேரும். அதைவிட மோசம், சம்பளப் பாக்கி என்று வழக்குப் போட்டால் உன்னைத் தொழிலாளியாகவே ஏற்க மாட்டார்கள். வேலை அனுமதியில் உள்ள நிறுவனப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார். வாடகை வீட்டுக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்து சீட்டை வாங்கி வைத்துக்கொள். ஹோட்டல் என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள்.

வேலையில் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் எழுத்து ஒப்பந்தம் தராத நிறுவனம் இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்கிறது 2008 முதல் நடப்பிலிருக்கும் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம். ஆனால் ஷாங்காய் போன்ற ஊர்களில் வேலைநீக்க இழப்பீடு விஷயத்தில் வெளிநாட்டவருக்கு ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். எனவே 'வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம்' என்பதை வெளிப்படையாக எழுதச் சொல். தகராறு வந்தால் ஓராண்டுக்குள் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும், கட்டணம் இல்லை. வீசாட் உரையாடலும் சாட்சியம்தான், ஆனால் அசல் போனிலேயே காட்டச் சொல்வார்கள். போன் மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போடாதே.

சரக்கு ஒப்பந்தங்களில் கையெழுத்தை விட வட்டமான சிவப்பு முத்திரைதான் முக்கியம். மேலாளர் அழகாகக் கையெழுத்துப் போட்டுத் தருவார். முத்திரை இல்லையென்றால் பின்னால் 'அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது' என்று நிறுவனம் வாதாட இடமுண்டு. ஆங்கிலப் பெயருக்குச் சட்ட மதிப்பு இல்லை. வணிக உரிமத்தில் உள்ள சீனப் பெயரையும் 18 இலக்க எண்ணையும் அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் ஒப்பிட்டுப் பார், இலவசம்தான். வங்கிக் கணக்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்து. சென்னையில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். இந்திய நீதிமன்றத் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இல்லை. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயம் என்று ஒப்பந்தத்தில் எழுது, சிங்கப்பூரோ ஹாங்காங்கோ. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றச் சொல்லும் நியூயார்க் உடன்படிக்கையில் சீனா 1987-இலேயே சேர்ந்துவிட்டது; ஹாங்காங் தீர்ப்புக்குத் தனி ஏற்பாடு உண்டு.

இனி நான் மிகவும் வற்புறுத்துவது. நிறுவனத்தின் 'சட்டப் பிரதிநிதி'யாக, அதாவது அதன் சார்பில் சட்டத்தின் முன் நிற்பவராக, உன் பெயரைப் போட எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதே. சும்மா சம்பிரதாயம் என்பார்கள், கூடுதல் படியும் தருவார்கள். நிறுவனம் கடன்பட்டால் பிடிபடுவது அந்தப் பெயர்தான். தீராத உரிமையியல் வழக்கு இருந்தால் நீதிமன்றம் வெளிநாட்டவரையும் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கலாம். 2013 ஜூலையில் நடப்புக்கு வந்த வெளியேற்ற-நுழைவுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அது. பலருக்கு அது தெரியவருவது விமான நிலையக் குடியேற்றக் கவுன்டரில்தான். மொத்த வியாபாரச் சந்தை நகரமான யிவூவில் 2011 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பார். முதலாளி பாக்கி வைத்துவிட்டுத் தலைமறைவாக, அவரிடம் வேலை பார்த்த இந்தியர் இருவரை உள்ளூர் வியாபாரிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்துக்குப் போன இந்தியத் தூதரக அதிகாரியே அங்கே மயங்கி விழுந்தார். அங்கே வியாபாரத்துக்குப் போக வேண்டாம் என்று தூதரகம் எச்சரிக்கை விட்டது.

காவல்துறை விஷயம் சுருக்கமாக. நம் ஊரில் பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே முறையான கைதுக்கு முன்பே 37 நாள் வரை வைத்திருக்க முடியும், கைதுக்கு ஒப்புதல் தருவதும் நீதிபதி அல்ல, அரசு வழக்குத் துறை. தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேள், புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே.

ஒப்பந்த வரைவு வந்ததும் எனக்கு அனுப்பு. ஆங்கிலப் பக்கம் மட்டும் போதாது, சீனப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்ற விதி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா