பெயர் போட முடியாத ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று வாரமாக எங்களோடு சேர்ந்து தூக்கம் கெட்டவர்களுக்கு நடந்ததை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று என் மாணவர்கள் மூன்று பேர் செய்கிற ஆய்வு, பதில்கள்மேல் கிளம்பிய சந்தேகத்தால் நின்றுவிடுமோ என்றிருந்தது. நிற்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் தர்மபுரியிலேயே இருக்கிறார்கள். பென்னாகரத்துப் பெண் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டாள். ஆய்வைத் தொடரலாம் என்ற கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. பதற்றம் இன்னும் முழுதாகப் போகவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி யாருக்கோ அவர் பெயரை எழுத முடியாது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சம்மதம் கேட்டும் பார்த்தேன். "வேணாம் மேடம், பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம்" என்றார். சரி, அக்கா என்றே எழுதுகிறேன்.

2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா, அந்தக் காலத்தில் இங்கிருந்து ராத்திரி பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தவர் அக்கா. காலையும் இரவும் விழுங்கிய காலம் போய், இப்போது டோலூடெக்ராவிர் என்ற புதிய மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கிற எங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் புதிதாக வருகிறவர்களிடம் "அந்த அக்காவைப் பாத்துக் கத்துக்கங்க" என்று காட்டுவார்கள். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் இருக்கிற வைரஸின் அளவு, எப்போது எடுத்தாலும் கட்டுக்குள் இருக்கும்.

வம்பு ஆரம்பித்தது கேள்வித்தாளில். என் கேள்வித்தாளில். 'கடந்த நான்கு நாட்களில் எத்தனை வேளை மருந்தைத் தவறவிட்டீர்கள்?' வெளிநாட்டில் உருவான கேள்வியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியது நான்தான். கேட்ட எல்லாரும் "ஒண்ணுகூட விடலை" என்றார்கள். டப்பாவில் மீதியை எண்ணினாலும் கணக்கு இடிக்கவில்லை. சிலருடைய வைரல் லோடு மட்டும் வேறு கதை சொன்னது. பதில்களை யார் எழுதியிருப்பார்கள், பிள்ளைகளே உட்கார்ந்து எழுதினார்களோ என்று அப்புறம் கிளம்பிய பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை மையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பென்னாகரத்துப் பெண் பக்கத்தில் அக்கா வந்து உட்கார்ந்தார். அழாதே என்றுகூடச் சொல்லவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே தினசரி காலண்டர் தாள்கள், நான்காக மடித்தவை.

மாத்திரையை விழுங்கிய பிறகுதான் அன்றைய தாளைக் கிழிப்பாராம். அது அடுப்புக்குப் போய்விடும். விட்ட நாளின் தாள் மட்டும் மறுநாள் இந்த டப்பாவுக்கு வரும், ராகுகாலத்துக்குக் கீழே கிடைத்த இடத்தில் மகள் கையெழுத்தில் காரணத்தோடு. 'சின்னம்மா வீட்டு விசேஷம், டப்பாவை வெளியே எடுக்க முடியலை.' 'ஓசூர்ல கட்டட வேலை, மேஸ்திரி விடலை, மாத்திரை வாங்குற தேதி தள்ளிப்போச்சு.' 'மனசு சரியில்லை.' ஒன்றில் 'மழை' என்று மட்டும்.

இரண்டு வருடத்தில் 16 தாள்.

"பாப்பா, விட்டியான்னு கேட்டா எவ சொல்லுவா? திட்டு விழும்னுதான் நெனப்போம். வர்றதுக்கு முந்தின நாளே மீதியை எண்ணிச் சரி பண்ணிடுவோம். எந்தெந்த நாளு கஷ்டமா போச்சுன்னு கேளு. வாய் தானா தொறக்கும்." டப்பாவை அவள் மடியில் வைத்துவிட்டு மாத்திரை வரிசையில் போய் நின்றுகொண்டார்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, சந்தேகப்படவும் இல்லை. ஒரு நாளும் தவறாதவர் என்று இருபது வருடமாகச் சேர்த்த பெயரை, பழக்கம் பிடித்துச் சில மாதமே ஆன ஒரு பெண்ணின் மடியில் வைத்துவிட்டுப் போனார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

அந்தத் தாள்களை நாங்கள் ஆய்வில் சேர்க்கவில்லை. ஆய்வு நெறிகளைப் பார்க்கிற எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் சேர்க்கக் கூடாது. மறுநாளே பிள்ளைகளை அனுப்பி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். "எங்கிட்ட இருந்தா என்ன, உங்ககிட்ட இருந்தா என்ன" என்று சிரித்தாராம். ஆனால் அன்று ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து பழைய கேள்விகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். மருந்தில் 95 சதவீதமாவது விழுங்கியிருக்க வேண்டும், 30 மாத்திரையில் 2 விட்டாலே அதற்குக் கீழே என்று வகுப்பில் மந்திரம்போல் ஓதியவள் நான். அந்த 95 பழைய மருந்துகளை வைத்து வந்த கணக்கு, புதியவை கொஞ்சம் தாங்கும் என்று தெரிந்தும்தான் ஓதினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் பரீட்சை ஹாலில் சுற்றுகிற வாத்தியார்போல் போய்க் கேள்வி கேட்டதில் என்ன ஆச்சரியம்?

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். விடுமுறை நாளிலும் கூட வந்து நின்ற, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தின் ஆலோசகர், பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்துக் காட்டிய லேப் தம்பி, ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து போனில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த நண்பர், கணக்கு எழுதாமல் மூன்று வாரம் சோறு போட்ட மெஸ் அண்ணன், "எங்க பேரைச் சொல்லி அந்தப் பொண்ணை அனுப்பாதீங்க" என்று என்னிடமே சண்டைக்கு வந்த பாலக்கோட்டுப் பெண்கள், எல்லாருக்கும் கை கூப்புகிறேன்.

இனி என்னிடம் ஆய்வுக்கு வருகிற யாருக்கும் முதல் மாதம் கேள்வித்தாள் கிடையாது, அந்த பெஞ்சுதான். எழுதிய கேள்வியை அக்கா மாதிரி நாலு பேருக்கு முதலில் படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் கேள்வி போச்சு.

அக்காவுக்கு அடுத்த வருடக் காலண்டர் வாங்கிவிட்டோம். முருகன் படமா, பூ படமா என்று கடையில் பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. கடைசியில் முருகன்தான். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.