சரளை மைதானத்துக்கும் ஒரு நிபந்தனை எழுதுங்கள்

ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்) ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் டாஸ்மேனியாத் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில் குடியிருக்கும் தமிழன். 2024 மார்ச்சில் டாஸ்மேனியா டெவில்ஸ் அணியின் பெயரை அறிவித்தபோது, வீட்டில் நாலு பேருக்கும் ஆளுக்கு 10 டாலர் கட்டி உறுப்பினரானோம். ஐந்தே முக்கால் லட்சம் பேர் வாழும் தீவின் அணிக்கு 2 லட்சம் உறுப்பினருக்கு மேல் சேர்ந்தார்கள். வெளியூர்க்காரர்களும் அதில் உண்டு. இருந்தாலும் இந்த ஊர் ஃபுட்டிக்காக, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்துக்காக, எவ்வளவு காலம் ஏங்கிக் கிடந்தது என்று அன்றைக்குப் புரிந்தது.

2023 மே மாதம் லீகின் 19ஆவது அணியாக எங்கள் அணிக்கு உரிமம் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டீர்கள். ஹோபார்ட்டின் மக்குவாரி பாயின்ட்டில் 23,000 பேர் உட்காரும் அரங்கம், மேலே கூரை. அது வேண்டுமா வேண்டாமா என்று இங்கே ஒரே வீட்டுக்குள்ளேயே சண்டை நடந்தது. அதை நான் மறுபடி கிளறவில்லை. நான் கேட்பது வேறு.

போன குளிர்காலத்தில் மகனைக் கூட்டிக்கொண்டு தீவின் மேற்குப் பக்கம் இருக்கும் குயின்ஸ்டவுன் போனேன். நாலு மணி நேர மலைப்பாதை. மவுண்ட் லயல் செம்புச் சுரங்கத்தின் உருக்காலைப் புகையும் மரவெட்டும் சேர்ந்து சுற்றியிருந்த மலைகளை ஒரு காலத்தில் மொட்டையாக்கிவிட்டன. மழையோ கொட்டித் தீர்க்கும். புல் நிற்காத அந்த ஊரில் மைதானம் முழுக்கச் சரளைக் கல். அதில்தான் ஆடுகிறார்கள்.

ஒரு பையன் மூன்று பேர் தோளுக்கு மேலே எழும்பி மார்க் பிடித்தான், அதாவது உதைத்து வந்த பந்தை அந்தரத்தில் பிடித்தான். விழுந்தபோது முழங்கை தோல் உரிந்துவிட்டது. ரத்தம் வந்தால் வெளியே போக வேண்டும் என்பது விதி. எல்லைக்கோட்டுப் பக்கம் ஒரு அம்மா வாளித் தண்ணீரில் துணியை நனைத்துக் காயத்திலிருந்து பொடிக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார், கட்டுப் போட்டார், போ என்று முதுகில் தட்டினார். மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மைதானத்துக்குள் இறங்கிப் பயிற்சியாளரைச் சுற்றி நின்றார்கள். என் மகனும் போய் நின்றான். யாரும் விரட்டவில்லை.

இயன் ஸ்டூவர்ட் பிறந்த ஊர் அது. 1965, 1966, 1971 என்று மூன்று முறை பிரவுன்லோ பதக்கம், அதாவது லீகின் சிறந்த வீரர் விருது, வாங்கியவர். 1966இல் மெல்போர்னின் செயின்ட் கில்டா கிளப் ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை வென்றபோது அவரும் அணியில் இருந்தார், கேப்டனாக இருந்தவர் இதே தீவின் டெவன்போர்ட் ஊரைச் சேர்ந்த டாரல் பால்டாக். அந்தக் கிளப்புக்கு இன்றுவரை அது ஒன்றுதான் கோப்பை. 1971இல் 150 கோல் அடித்து பழைய சாதனையைச் சமன் செய்த பீட்டர் ஹட்சனும் இந்தத் தீவின் நியூ நார்ஃபோக் ஊர்க்காரர். மெல்போர்ன் கிளப்புகளுக்கு இத்தனை பேரைக் கொடுத்த தீவில் இன்று என்ன நிலைமை? 2018 சீசன் தொடங்கியபோது பர்னி, டெவன்போர்ட் ஊர்களின் கிளப்புகள் டாஸ்மேனியாவின் மாநில லீகில் இல்லை. 2024 சீசனோடு அந்த லீகையே மூடியாகிவிட்டது. பெரிய அணி வருகிறது என்ற சந்தோஷத்தில் இதைப் பேச ஆளில்லை.

அரங்கத்துக்கு அளவு சொன்னீர்கள், கூரை கேட்டீர்கள், எழுத்தில் வாங்கினீர்கள். அதே மாதிரி ஒரு நிபந்தனையை உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மேற்குக் கரை ஊர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை நடுவர்களைப் பயிற்றுவித்து அனுப்புவீர்கள்? சிறுவர் அணிகள் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பஸ் வாடகையை யார் தருவார்கள்? பெண்கள் அணிகளுக்குத் தனி உடைமாற்றும் அறை எந்த மைதானத்தில் எந்த ஆண்டுக்குள்? ஆள் சேராமல் ஒரு கிளப் ஒரு வாரம் களமிறங்க முடியாமல் போனால், அடுத்த நாள் அங்கே போய் நிற்பது யார் பொறுப்பு? அப்புறம், டெவில்ஸின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வருடத்துக்கு ஒரு நாளாவது குயின்ஸ்டவுனுக்குப் போய் அந்தப் பிள்ளைகளோடு பந்து உதைக்கட்டும்.

பதிலை எனக்குப் போட வேண்டாம். குயின்ஸ்டவுன், பர்னி, டெவன்போர்ட், நியூ நார்ஃபோக் கிளப்புகளுக்கு, தொகையும் தேதியும் குறித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
10 டாலர் உறுப்பினர் ஒருவர்
ஹோபார்ட்