சாம்பல் என்கிற எங்கள் காப்பகப் பூனை சாப்பிட ஆரம்பித்துவிட்டாள், எல்லோருக்கும் நன்றி

எதைக் கொடுத்தாலும் சாப்பிடாமல் கிடந்தவள் இப்போது சிரிஞ்ச் இல்லை, துண்டில் சுற்றிப் பிடிப்பது இல்லை, தானாகவே தட்டுக்கு வந்து சாப்பிடுகிறாள். என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும், ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு "இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அதனால் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. மருத்துவர் இன்று பார்த்துவிட்டு ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். பூனை சில நாட்கள் சேர்ந்தாற்போலப் பட்டினி கிடந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே உலை வைத்துவிடும், எங்கள் பயமெல்லாம் அதுதான். அந்தப் பயம் இப்போது இல்லை.

மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பியவர்கள், ஈர உணவு டப்பாக்கள் வாங்கித் தந்தவர்கள், நேரம் காலம் பார்க்காமல் போனை எடுத்த மருத்துவர், ராத்திரி முறை மாற்றி உட்கார்ந்த தன்னார்வலர்கள், செய்தியைப் பகிர்ந்தவர்கள், பகிர மறந்துவிட்டு மறுநாள் மன்னிப்புக் கேட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. தனித்தனியாகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் காப்பகத்தில் பூனை அறையைச் சுத்தம் செய்யும் அக்கா. "என் பேரெல்லாம் போடாதம்மா, பூனைக்குப் பேர் இருக்குல்ல, அதைப் போடு" என்று சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

நாங்கள் எல்லோரும் சாம்பலுக்கு எதைக் கொடுத்தால் சாப்பிடுவாள் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். சூடு பண்ணிக் கொடுத்தோம், குழைத்துக் கொடுத்தோம், விரலில் தொட்டு மூக்கருகே நீட்டினோம், ஒன்றுக்கும் அவள் அசையவில்லை. அக்கா மட்டும்தான் தட்டைப் பார்க்காமல் பூனையைப் பார்த்தார். கூண்டு வரிசையைக் கழுவ வரும்போதெல்லாம் இரும்பு பக்கெட்டின் கைப்பிடி டணார் என்று விழும் இல்லையா, அந்தச் சத்தத்துக்கு அவள் காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பு மூலையில் சுருங்கிவிடும். நாங்கள் சாப்பாட்டுத் தட்டை வைப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். நமக்குக் கேட்கிற சத்தத்தின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்றால் பூனைக்கு அது 60,000-ஐத் தாண்டும், சுண்டெலி கீச்சிடுவதைக் கேட்கப் படைத்த காது அது, உலோகம் உரசினால் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கணக்கெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. ஒரு பழைய புடவையைக் கிழித்துக் கைப்பிடி முழுக்க இறுக்கிச் சுற்றி, பக்கெட்டின் அடியிலும் ஒரு துண்டை வைத்துக் கட்டிவிட்டார். கட்டிவிட்டு, "இனிமே நான் கழுவி முடிச்சுப் போனப்புறம் தட்டை வைங்க" என்றார். அவ்வளவுதான், யாரிடமும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இன்னொன்றும் செய்தார். தினமும் கூண்டிலிருந்து எல்லாத் துணியையும் எடுத்து, புதுசு விரித்து, பளிச்சென்று வைப்பதுதான் சுத்தம் என்று எல்லோரும் நினைப்போம். பூனை கன்னத்தையும் விலாவையும் தேய்த்துத் தேய்த்துத் தன் வாசனையை ஓரிடத்தில் பூசி வைப்பது அது தன் இடம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளத்தான், அதைத் தினமும் துடைத்தால் தினமும் புது ஊருக்குக் குடிபோவதுபோல. அக்கா மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவளுக்குத் தொற்றுநோய் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, அழுக்கான துணியை மட்டும் மாற்றி, அவள் படுத்த துணியை அப்படியே விட்டார். பார்க்க வருபவர்களில் ஒருவர் "இங்கே சரியாகச் சுத்தம் செய்வதில்லை" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அப்புறம், சாம்பல் ஒளிந்துகொள்ளக் கூண்டுக்குள் இருந்த அந்த அட்டைப்பெட்டி. அதைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. பெட்டிக்குள் ஒளிந்தால் யாருக்கும் தெரிவதில்லை, காலிக் கூண்டு என்று நினைத்துக் கடந்து போகிறார்கள், பிறகு யார் தத்தெடுப்பார்கள், எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். நியாயமான கவலைதான், முன்னால் வந்து கம்பியில் உரசும் பூனைக்குத்தான் முதலில் வீடு கிடைக்கிறது. அக்கா விடவில்லை, பெட்டியை எடுத்தால் கூண்டைக் கழுவ வரமாட்டேன் என்றார்! 2014-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் காப்பகப் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வு அக்கா பக்கம்தான் பேசுகிறது. புதிதாக வந்தவற்றில் பாதிக்கு ஒளிய ஒரு பெட்டி கொடுத்தார்கள், பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே பதற்றம் தணிந்தன, கிடைக்காதவைக்கு அதே நிலைக்கு வரக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆனது. கடைசியில் பெட்டி இருந்தது, பார்வையாளர் பக்கமாக அக்கா கத்தியால் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார். இப்போது அதன் வழியாக ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிகிறது.

கூச்சப் பூனை என்றால் கெட்ட பூனை என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி மனிதர்களோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அந்த வாரங்களைத் தெருவில் ஓடி ஒளிந்தே கழித்த குட்டி பெரிதாகி சீறுகிறது என்றால் அதற்குத் திமிர் என்று பெயர் வைக்கலாமா? சாம்பல் இதுவரை யாரையும் கடித்ததில்லை. சீறுவாள், பின்வாங்குவாள், அவ்வளவுதான். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காமல் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் அவளும் மூடித் திறப்பாள், சில நாள் முந்திக்கொள்வாள்.

அவளுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. அவசரப்பட்டு யார் கையிலும் தள்ளிவிடப் போவதில்லை என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். மடியில் வந்து படுக்கும் செல்லப்பூனை என்று பொய் சொல்லி அவளைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். வருபவரிடம் நேராகவே சொல்வோம்: முதல் சில வாரம் கட்டிலுக்கு அடியில்தான் இருப்பாள், ஒரே ஒரு சின்ன அறையைக் கொடுங்கள், மணல் தட்டும் தண்ணீரும் சாப்பாடும் அங்கேயே இருக்கட்டும், ஆனால் மணல் தட்டு சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், இழுத்து வெளியே எடுக்காதீர்கள், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். மாதங்கள் ஆகலாம். இதைக் கேட்டும் சரி என்பவர் வரட்டும், காத்திருக்கிறோம். போகும்போது அவள் துணியையும் கூடவே கொடுத்து அனுப்புவோம், துவைக்காமல்.

கடைசியாக, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: பணம் இப்போதைக்குப் போதும், அட்டைப்பெட்டிகள் அனுப்புங்கள். ஒரு பூனை உள்ளே நுழைந்து திரும்பிப் படுக்கிற அளவு இருக்க வேண்டும், ஸ்டேப்லர் பின்னையும் டேப்பையும் பிரித்துவிட்டு அனுப்ப வேண்டும், சோப்பு, சென்ட், பினாயில் வந்த பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த நிபந்தனையெல்லாம் அக்கா போட்டது, என்னிடம் பேரம் பேசாதீர்கள்.